யாருமில்லை என்பதற்கு என்ன சான்று?

1

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் வில்லியம் கிரகரியின் சிலை நிற்கிறது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். அந்த அருங்காட்சியகத்தைக் கட்ட வைத்தவரும் அவர்தான். கொழும்பில் அவர் பேரில் ஒரு சாலையும் உண்டு. அயர்லாந்தில் அவரை நினைவு வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அங்கே அவர் பேரில் இருப்பது ஒரு சட்டப்பிரிவு.

1847-ம் வருடம். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப்போய் அயர்லாந்து பஞ்சத்தில் கிடக்கிறது. பசியில் இருப்பவர்களுக்கு ஒர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதிக்கு வெளியிலும் நிவாரணம் தரலாம் என்று ஒரு மசோதா லண்டன் பாராளுமன்றத்துக்கு வருகிறது. கிரகரி அப்போது இளம் உறுப்பினர், கால்வே பகுதியில் பெரிய நிலச்சுவான்தார் குடும்பம். அவர் ஒரு திருத்தம் கொண்டுவருகிறார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது. அவ்வளவுதான். திருத்தம் பெரிய எதிர்ப்பில்லாமல் நிறைவேறிவிட்டது.

கால் ஏக்கர் என்றால் நம்ம கணக்கில் 25 சென்ட். அதுவும் சொந்த நிலம் இல்லை, குத்தகை நிலம். அதைத் திருப்பிக் கொடுத்தால் இன்று கஞ்சி கிடைக்கும். கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் விதைக்க மண் இருக்காது, பெரும்பாலும் குடிசையும் இருக்காது. வைத்துக்கொண்டால் அடுத்த வருடத்தைப் பார்க்க ஆள் இருக்காது. பலர் நிலத்தைக் கொடுத்தார்கள். கொடுக்காமல் செத்தவர்களும் உண்டு. குடியானவர்களைக் காலி செய்யக் காத்திருந்த நிலச்சுவான்தார்களுக்கு இதைவிட வசதியான சட்டம் கிடைத்திருக்காது.

உண்மையிலேயே ஒன்றுமில்லாதவருக்கு மட்டும் உதவி போகட்டும் என்பதுதான் அந்த விதி சொல்லிக்கொண்ட நோக்கம். நடைமுறையில் அது ஒன்றுமில்லாதவர்களைக் கண்டுபிடிக்கவில்லை, உற்பத்தி செய்தது.

இந்தக் கட்டுரை அந்த மாதிரி விதிகளைப் பற்றியது. உழைத்துச் சாப்பிட முடியாதவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அநேகமாக எல்லா அரசுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சண்டை எப்போதும் அடுத்த வரியில்தான். ஒருவரால் உண்மையிலேயே உழைக்க முடியாதா? அவரிடம் உண்மையிலேயே ஒன்றுமில்லையா? அவருக்கு உண்மையிலேயே யாருமில்லையா? இந்த மூன்று 'உண்மையிலேயே'க்களையும் சோதிக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் ஊரில் நடந்தது.

2

கதையை 1601-லிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் எலிசபெத் காலத்து ஏழையர் சட்டம் ஏழைகளை இரண்டு கூடையில் போட்டது. உடம்பில் தெம்பு உள்ளவர்கள் ஒரு கூடை, அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். முடவர், குருடர், கிழவர், நோயாளி இன்னொரு கூடை (வார்த்தைகள் அந்தக் காலத்தவை), அவர்களுக்கு உதவி கொடுக்க வேண்டும். பாரிஷ் எனப்பட்ட தேவாலய வட்டாரம் அந்தச் செலவை வரியாக வசூலித்துக்கொள்ளலாம்.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. உழைக்க முடியாதவரின் அப்பா அம்மா, தாத்தா பாட்டி, பிள்ளைகள் ஆகியோருக்கு வசதி இருந்தால் அவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதாவது உன் கை காலைப் பார்ப்பதற்கு முன்னால் உன் குடும்பத்தைப் பார்ப்போம் என்று அர்த்தம். இந்தப் பிரிவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1697-ல் இன்னொரு சட்டம் வந்தது. உதவி வாங்குபவர் தன் வலது தோளில், பாரிஷின் முதலெழுத்தோடு, 'பாப்பர்' என்ற சொல்லைக் குறிக்கும் பி என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டு நடமாட வேண்டும். நூறு வருடத்துக்கும் மேலாக அந்த விதி சட்டப் புத்தகத்தில் இருந்தது. வெட்கத்தையே ஒரு வடிகட்டியாக வைத்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. தோளில் எழுத்தைச் சுமக்கச் சம்மதிப்பவனுக்குத்தான் உண்மையான தேவை இருக்கும் என்ற யோசனை.

1834-ல் அந்த யோசனைக்கு ஒரு முழுத் தத்துவமே கிடைத்தது. பொருளியலாளர் நாசவ் சீனியரும், பெந்தாமிடம் செயலாளராக இருந்த எட்வின் சாட்விக்கும் எழுதிய விசாரணைக் கமிஷன் அறிக்கை. அவர்கள் பார்த்த பிரச்சினை எனக்கு மிகவும் பரிச்சயமானது. மென்பொருள் எழுதுகிற யாருக்கும் பரிச்சயமானதாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான பாரிஷ்கள், லட்சக்கணக்கான மனுக்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் விசாரிக்க ஆள் கிடையாது. போகிற ஆள் இரக்கப்படுவான், அல்லது ஏமாறுவான், அல்லது லஞ்சம் வாங்குவான். அப்போ மனித முடிவே தேவைப்படாத ஒரு சோதனை வேண்டும்.

அவர்கள் கண்டுபிடித்தது ஒர்க்ஹவுஸ் சோதனை. தானாகவே இயங்கும் சோதனை என்று அறிக்கையே அதைப் பெருமையாகச் சொல்கிறது. உதவி வேண்டுமா? ஒர்க்ஹவுஸுக்குள்ளே வா. அங்கே சீருடை, அளந்த சாப்பாடு, கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தை இன்னொரு பக்கம். வெளியே இருக்கும் மிக ஏழையான கூலித் தொழிலாளியின் வாழ்க்கையைவிட உள்ளே இருப்பவரின் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தால் அவர் தேவையுள்ளவர்தான். விசாரணையே வேண்டாம்.

பொறியாளராகப் பார்த்தால் நேர்த்தியான வடிவமைப்பு. கொஞ்ச நேரம் வியந்துவிட்டுத்தான் அதன் ஓட்டை கண்ணில் படும். இந்தச் சோதனை உடம்பில் தெம்பு உள்ளவர்களை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அவர்களும் விலகிப் போனார்கள், ஏனென்றால் அவர்களுக்கு விலகிப் போக வேறு இடம் இருந்தது. விலக முடியாதவர்கள்தான் உள்ளே மாட்டினார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டிலேயே உதவி தரலாம் என்று 1834 ஏற்பாடு இடம் விட்டிருந்தது. ஆனால் 1870-களில் செலவைக் குறைக்கும் வேகத்தில் அந்த உதவியையும் பல இடங்களில் வெட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒர்க்ஹவுஸ்களை நிரப்பியிருந்தவர்கள் பெரும்பாலும் கிழவர்கள், நோயாளிகள், மனநலம் குன்றியவர்கள், குழந்தைகள். யாரைத் தண்டிக்க அந்த இடம் வேண்டுமென்றே கொடுமையாக அமைக்கப்பட்டதோ அவர்கள் அங்கே இல்லை. கொடுமை மட்டும் அப்படியே இருந்தது.

3

1873-74-ல் பீகாரில் பஞ்சம். வங்காளத்தில் நிவாரணத்தை நடத்தியவர் ரிச்சர்ட் டெம்பிள். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை அரசுச் செலவில் இறக்கினார். கேட்டவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. ஆங்கில ஆட்சிக்காலப் பஞ்சங்களில் இது ஓர் அபூர்வம்.

அதற்காக அவரைப் பாராட்டவில்லை. பஞ்சம் முடிந்தபோது அரிசி மிச்சம் இருந்தது. தேவையில்லாதவர்களுக்கும் கொடுத்துவிட்டார், பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று கல்கத்தாவிலிருந்து லண்டன் வரை கண்டனம். டெம்பிள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டார்.

1876-ல் தெற்கே மழை பொய்த்தது. நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது இதைத்தான். சென்னை மாகாண ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் ஆரம்பத்தில் ஓரளவு தாராளமாகவே நிவாரண வேலைகளைத் திறந்தார். 1877 ஜனவரியில், விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று டெல்லி தர்பாரில் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், வைசிராய் லிட்டன் செலவைக் கட்டுப்படுத்த டெம்பிளைத் தெற்கே அனுப்பினார்.

டெம்பிள் கொண்டுவந்தவை 1834-ன் குழந்தைகள். ஒன்று, உழைப்புச் சோதனை. நிவாரணம் வேண்டுமென்றால் மண் சுமக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். இரண்டு, தூரச் சோதனை. உடம்பில் தெம்பு உள்ளவருக்கு வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தரக்கூடாது. அவ்வளவு தூரம் நடந்து வந்து முகாமில் தங்கத் தயாராக இருப்பவனுக்குத்தான் உண்மையான பசி என்பது கணக்கு. மூன்று, கூலிக் குறைப்பு. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்ற நிலைக்கு இறக்கினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்.

சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்துக் கடுமையாக எழுதினார். மாகாண மக்களின் உணவையும் சிறைக் கைதிகளின் உணவையும் பற்றி முன்பே ஆராய்ந்தவர் அவர். உழைக்கும் உடம்புக்கு ஒரு பவுண்டு போதாது, குற்றம் செய்து சிறைக்குப் போனவனுக்கே இதைவிட அதிகம் கிடைக்கிறது என்பது அவருடைய வாதம். இந்த விவகாரத்தை மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி பின்னால் இரண்டு தொகுதிகளாக எழுதியிருக்கிறார். கடைசியில் 1877-ன் நடுவில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் பல மாதங்கள் போயிருந்தன. அந்த வருடத் தென்மேற்குப் பருவமழையும் ஏமாற்றியிருந்தது.

இங்கே நாம் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1601 சட்டத்தின் இரண்டு கூடைகள், தெம்பு உள்ளவர், தெம்பு இல்லாதவர் என்ற பிரிவு, ஏதோ பிறவிக்குணம் மாதிரி எழுதப்பட்டது. பஞ்சத்தில் அப்படி இல்லை. தை மாதம் தூரச் சோதனையில் தேறிய ஆள் ஒரு பவுண்டு தானியத்தில் மண் சுமந்து பங்குனியில் எழுந்திருக்க முடியாதவன் ஆகிவிடுவான். சோதனையே அவனை ஒரு கூடையிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுகிறது. பட்டினியில் ஒரு கட்டத்தைத் தாண்டிய உடம்பு, பிறகு சோறு கிடைத்தாலும் தேறுவதில்லை.

உண்மையிலேயே நடக்க முடியாதவர்களுக்கு 'இலவச நிவாரணம்' என்று ஒரு வகை இருந்தது. முகாம்களில் கஞ்சித்தொட்டி, கிராமங்களில் கொஞ்சம் காசு. கிராமத்தில் யாருக்குக் கொடுப்பது என்பதில் முனிசீப், கர்ணம் கண்ணும் வாக்கும் முக்கியம். அந்தக் கண்ணுக்குச் சேரி எந்த அளவு தெரிந்திருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. முகாமில் சமைத்த கஞ்சி தருவதையும் சில அதிகாரிகள் ஒரு சோதனையாகவே பார்த்தார்கள். பொதுப் பாத்திரத்தில் சாப்பிட ஆதிக்கச் சாதிக்காரர்கள் வரமாட்டார்கள், அப்படியே வந்தால் தேவை உண்மை. இங்கிலாந்தில் தோளில் தைத்த எழுத்து செய்த வேலையை இங்கே சாதியை வைத்துச் செய்யலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

உழைக்க முடிந்தவர்களின் வேலை இன்றும் நம் கண்முன் இருக்கிறது. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரணக் கூலிகளை வைத்து வெட்டியது. ஆளுநர் பெயர் கால்வாய்க்கு வந்துவிட்டது. வெட்டியவர்கள் பெயரும் இல்லை, வெட்ட முடியாமல் திரும்பிப்போனவர்கள் பெயரும் இல்லை.

4

என் தொழிலில் ஒரு அடிப்படைப் பாடம் உண்டு. எந்த வடிகட்டியும் இரண்டு வகையில் தப்புப் பண்ணும். உள்ளே விடக்கூடாததை உள்ளே விடும். உள்ளே விட வேண்டியதை வெளியே தள்ளும். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும். ஸ்பேம் வடிகட்டியை ரொம்ப இறுக்கினால் வேலைக்கான அழைப்புக் கடிதமும் குப்பைக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு தப்பும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது. ஸ்பேம் உள்ளே வந்தால் உடனே தெரியும். போன கடிதம் போனது போனதுதான்.

டெம்பிளின் கதை முழுக்க இதுதான். பீகாரில் அவர் செய்ததாகச் சொல்லப்பட்ட தப்பு கணக்குப் புத்தகத்தில் ரூபாய், அணாவாக இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம். சென்னையில் செய்த தப்புக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை. நிவாரணப் பட்டியலில் எண்ணிக்கை குறைந்ததே வெற்றி என்று வாசிக்கப்பட்டது. பட்டியலிலிருந்து போனவர்கள் வீட்டுக்குப் போனார்களா, சுடுகாட்டுக்குப் போனார்களா என்று அந்த எண் சொல்லாது. அதே 1877-ல் டெம்பிள் பம்பாய் ஆளுநர் ஆனார்.

வெளியே தள்ளப்பட்டவர்கள் கணக்கில் தெரிய 1881 ஆனது. அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பத்து வருடத்தில் வளர்ந்திருக்க வேண்டிய சென்னை மாகாண மக்கள்தொகை 1871-ஐவிடச் சற்றுக் குறைந்திருந்தது. சேலம் மாவட்டத்தில் சரிவு மிகக் கடுமை. இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு இடங்களுக்கும் போனவர்களைக் கழித்தாலும் மிச்சம் பெரியது. இந்தப் பஞ்சத்தில் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் ஒரு பஞ்சக் கமிஷன். 1880-ல் அறிக்கை, அதைத் தொடர்ந்து மாகாணம் மாகாணமாகப் பஞ்ச விதித்தொகுப்புகள். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இவை ஒரு முன்னேற்றம்தான். பஞ்சத்தில் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். வேலை செய்ய முடியாதவர் யார் என்று பட்டியல் போட்டார்கள். பார்வையற்றவர், ஊனமுற்றவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், வயதாலோ பலவீனத்தாலோ சம்பாதிக்க முடியாதவர். அவர்களை முகாமுக்கு இழுக்காமல் ஊரிலேயே உதவலாம் என்றும் வழி செய்தார்கள்.

கூடவே ஒரு நிபந்தனை. நாட்டு வழக்கப்படி அவரைக் காப்பாற்றக் கடமைப்பட்ட, காப்பாற்ற வசதியுள்ள உறவினர் யாரும் இருக்கக் கூடாது.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, 1601-ன் அந்தப் பிரிவுதான் இது. இங்கே இறங்கும்போது 'நாட்டு வழக்கம்' என்று வேட்டி கட்டிக்கொண்டது.

5

இங்கிலாந்து அந்தப் பிரிவை என்ன பண்ணியது? 1931-ல் பொருளாதார மந்தத்தின்போது, வேலையில்லாதவருக்கு உதவி தருவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லோருடைய சம்பளத்தையும் எண்ணினார்கள். மகன் சம்பாதித்தால் அப்பாவின் உதவி குறையும். பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், அல்லது வெளியேறியதாகக் காட்டினார்கள். குடும்பத்தை நம்பி எழுதிய விதி குடும்பத்தை உடைத்தது. அந்த வெறுப்பு அடங்காமல் 1941-ல் குடும்ப வருமானச் சோதனையை நீக்கினார்கள். 1948-ல் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தையே முடித்துவைத்தது. வயதான பெற்றோரைப் பிள்ளை காப்பாற்றியாக வேண்டும் என்ற சட்டக் கடமையும் அதோடு போனது.

நாம் வைத்துக்கொண்டோம். 1962-ல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியபோது அது 'ஆதரவற்ற' முதியோருக்கானது. பிறகு வந்த திட்டங்களின் பெயரிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஆதரவற்ற விதவை, ஆதரவற்ற மாற்றுத்திறனாளி. 1995-ல் மத்திய அரசு தேசிய அளவில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியபோதும், சொந்த வருமானமோ குடும்பத்தார் ஆதரவோ இல்லாதவர் என்பதுதான் வரையறை. 1980-ல் கர்ணம், முனிசீப் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆள் மாறினார், பார்க்க வேண்டிய விஷயம் மாறவில்லை. இவருக்கு உண்மையிலேயே யாருமில்லையா?

இந்தக் கேள்விக்கு ஒரு கிழவி எப்படிப் பதில் சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள். மகன் இருக்கிறான், திருப்பூரில். பணம் அனுப்புவதில்லை. 'இருக்கான், ஆனா இல்ல' என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. உதவி வேண்டுமென்றால் அவள் ஊரறிய, அதிகாரி அறிய, 'என் மகன் என்னைக் கைவிட்டுட்டான்' என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் எத்தனை அம்மாக்கள் அதைச் சொல்வார்கள்? சொல்லாதவளுக்கு ஆதரவு இருக்கிறது என்று விதி முடிவு கட்டிவிடும். பசியை அளப்பதாகச் சொல்லும் சோதனை இங்கே அளப்பது மானத்தை எவ்வளவு தூரம் விட முடியும் என்பதைத்தான். 1697-ல் தோளில் தைத்த எழுத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

2009-ல் இன்னொரு அளவுகோல் சேர்ந்தது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீதத்தையே அடிப்படை எல்லையாக வைத்திருக்கிறது. இந்த ஓய்வூதியத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு. இதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், 2012-லிருந்து அதே தொகை. தமிழ்நாடு தன் பணத்திலிருந்து தருவது இதைவிட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது? ஒருவருக்கு இரண்டு வகைக் குறைபாடு இருந்தால் அரசின் மருத்துவ வழிகாட்டியில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள். 90-லிருந்து அதைக் கழி. மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகு. வருவதைப் பெரிய எண்ணோடு கூட்டு. ஒருவருக்குக் காலில் 60 சதவீதம், பார்வையில் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 90-லிருந்து 60 போனால் 30. 30-ஐ 40-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். மொத்தம் 73. ஓய்வூதியம் கிடையாது. இரண்டுமே 60 என்றால்? சரியாக 80 வருகிறது. உண்டு.

கூட்டல் 100-ஐத் தாண்டாமல் இருக்க இப்படி ஒரு சூத்திரம் தேவைதான், அதில் எனக்கு சண்டை இல்லை. ஆனால் இந்த எண் உடம்பின் குறையை அளக்கிறது. அந்த உடம்பால் அந்த ஊரில் என்ன வேலை செய்து பிழைக்க முடியும் என்பதை அளக்கவில்லை. வலது கையில் மூன்று விரல் போனால் எனக்குத் தட்டச்சு வேகம் குறையும். ஒரு தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். சான்றிதழில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்தான்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் அளவோடு இருக்கும்வரை யாராவது வரிசை போட்டுத்தான் ஆக வேண்டும். விதி இல்லாத இடத்தில் முனிசீப்பின் தயவு மட்டும்தான் இருக்கும், அது இதைவிட மோசம். என் குறை வேறு. நானூறு வருடமாக நாம் வடிகட்டியின் ஒரு பக்கத்தை மட்டுமே தணிக்கை செய்துவருகிறோம். தகுதியில்லாத எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பட்டியலைச் சுத்தம் செய்கிறோம், மறு ஆய்வு நடத்துகிறோம், பெயர் நீக்கியதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்கிறோம். தகுதியிருந்தும் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் மனுவே போடவில்லை என்று அதே சுறுசுறுப்போடு யாரும் எண்ணுவதில்லை.

எண்ணுவது கஷ்டமான காரியமும் இல்லை. நான் வேலை பார்க்கும் துறையில் வடிகட்டி தள்ளிவிட்டதிலிருந்து நூற்றுக்கு ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து ஒரு மனிதரைப் பார்க்கச் சொல்வோம். ஒரு தாலுகாவில் போன வருடம் நிராகரித்த மனுக்களிலிருந்து நூற்றுக்கு ஒன்றை எடுத்து, அந்த வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பி, இன்று அடுப்பு எரிந்ததா என்று மட்டும் கேட்டுவரச் சொன்னால் போதும். அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.